சூடான் இரட்டைக் கத்தி எந்த ஊர்க் கத்தி?

போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நடுவில் கை கொள்ளும் அளவுக்கு ஒரு மரப்பிடி. அதன் இரு முனையிலிருந்தும் ஆளுக்கொரு பக்கமாக வளைந்து போகும் இரண்டு கத்திகள். இரண்டின் மேலும் இடைவெளியே இல்லாமல் அரபு எழுத்து. படத்துக்குக் கீழே, “ஏலத்துக்கு வந்திருக்கிறது. ராஜபுத்திரர் கத்தி, சூடானில் மஹ்தியின் போர்வீரன் கையில் இருந்தது, முந்நூறு வருஷப் பழசு என்கிறார்கள். வாங்கலாமா?”

ஒரே மூச்சில் மூன்று செய்திகள். ராஜபுத்திரர் என்றால் ராஜஸ்தான். சூடானில் எகிப்தின் ஆட்சியை எதிர்த்து எழுந்த மஹ்தி என்றால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது வருஷம். முந்நூறு வருஷம் என்றால் அதற்கும் வெகு முந்தைய காலம். மூன்றும் ஒரே கத்திக்குப் பொருந்தவே பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றையும் ஒரே ஆதாரத்தை வைத்துச் சொல்ல முடியாது. படத்தில் இருந்த ஆதாரம் ஒன்றுதான்: அதன் வடிவம்.

இந்த வகைக் கத்திகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம். ஆயுதங்களைப் பற்றி எதுவும் தெரியாது என்றால் இன்னும் நல்லது.

‘இரட்டை’ என்றால் எது இரட்டை?

கத்தியில் வெட்டும் ஓரத்தை நாம் வாய் என்கிறோம். அந்த ஓரத்தையும் முனையையும் தாங்கும் உலோகத் தகடு முழுவதும் அலகு. காய் நறுக்கும் கத்திக்கு ஒரு அலகு, ஒரு வாய். குத்துவாளுக்கு ஒரே அலகில் இரண்டு பக்கமும் வாய் இருக்கும். அது இருவாய்க் கத்தி. நாம் பேசும் கத்திக்கு அலகே இரண்டு.

சூடான் பொருள்களில் இந்தக் குழப்பம் நிறையவே நடக்கிறது. நைல் கரை மக்கள் இடது மேற்கையில், முழங்கைக்கு மேலே, தோல் வளையத்தில் செருகிக்கொள்ளும் சின்னக் கத்தி ஒன்று உண்டு. அது இருவாய்க் கத்தி, அலகு ஒன்றுதான். ஒரே உறையில் அடுத்தடுத்து செருகப்பட்ட இரண்டு தனிக் கத்திகளும் உண்டு. அதையும் ‘இரட்டை’ என்றே விற்கிறார்கள். செங்கடல் மலைப்பகுதியில் வாழும் பெஜா மக்களிடம் கருங்காலிப் பிடி போட்ட வளைந்த கத்தி உண்டு. பிடி பெருக்கல் குறி போல விரிந்திருக்கும். அதை ஒரு முறை பார்த்தால் மறக்காது. இவை எதுவும் நாம் தேடுவது அல்ல. ஒரு பிடி, எதிரெதிர் முனைகளில் இரண்டு அலகு: அது மட்டும்தான் இந்தக் கட்டுரையில் இரட்டைக் கத்தி.

எனவே ‘சூடான் இரட்டைக் கத்தி’ என்று யாராவது சொன்னால் முதலில் படத்தைக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

‘எந்த ஊர்?’ என்பது ஒரு கேள்வி இல்லை

நெடுஞ்சாலையில் ஒரு லாரி போகிறது. அது எந்த ஊர் லாரி? சேஸிஸ் ஒரு ஊரில் செய்தது. பாடி கட்டியது வேறு ஊரில். பெயின்ட் அடித்து, பின்னால் கண் திருஷ்டிப் பொம்மை வரைந்தது மூன்றாவது ஊரில். நம்பர் பலகை நான்காவது ஊரைச் சொல்லும். முதலாளி வீடு வேறெங்கோ இருக்கும். ‘இது இன்ன ஊர் லாரி’ என்று ஒருவர் சொன்னால், இவற்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பழைய கத்தியும் அப்படித்தான். வடிவம் எந்த மரபிலிருந்து வந்தது? அலகின் இரும்பு எங்கிருந்து வந்தது, எங்கே அடிக்கப்பட்டது? பிடியும் உறையும் எங்கே பூட்டப்பட்டன? மேலே உள்ள எழுத்தை யார், யாருக்காகப் பொறித்தார்கள்? கடைசியாக, அது எந்தக் கைகள் வழியாக இங்கே வந்தது? ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு விடை வரலாம். ஒன்றின் விடையை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டுவதுதான் தவறுகளின் தாய்வீடு.

ராஜபுத்திரர் கதை முதல் கேள்வியின் விடையை எடுத்து மற்ற நான்குக்கும் ஒட்டிய கதை.

ஹலாடி என்ற பெயர்

இரு முனையிலும் அலகு கொண்ட கத்தியை ஆயுதம் சேகரிப்பவர்கள் ‘ஹலாடி’ என்று அழைக்கிறார்கள். இந்தப் பெயர் ராஜபுத்திரர்களோடு சேர்த்துப் பேசப்படும் வட இந்தியக் கத்திக்குப் பழகிய பெயர். அதே அமைப்பில் சூடானிலிருந்து வந்த கத்திகளுக்கும் அதே சீட்டை எழுதி ஒட்டினார்கள். பெயர் ஒன்றாகிவிட்டது, அப்புறம் ‘பெயர் ஒன்று, ஆகவே பூர்வீகமும் ஒன்று’ என்ற கதை தானாக முளைத்தது.

திருப்பாச்சி அரிவாள் என்கிறோம். அந்தப் பெயரில் விற்கும் ஒவ்வொரு அரிவாளும் அந்த ஊர் உலையில் அடித்ததா? இல்லை. பெயர் ஊரைவிட்டுக் கிளம்பி வகையின் பெயராகிவிட்டது. ஹலாடியும் அப்படி வகையின் பெயர்.

சூடானின் நேரான நீள்வாளுக்கும் இதே கதிதான். உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் அதைக் கஸ்காரா என்பார்கள். சூடானியரிடம் கேட்டால் ‘சைஃப்’ என்பார்கள், வாள் என்று அர்த்தம், அவ்வளவுதான். கத்தியைக் கேட்டால் ‘சிக்கீன்’. பட்டியல்காரர்கள் வைத்த பெயரிலிருந்து வரலாறு கறப்பது மாடு இல்லாமல் பால் கறப்பது.

பெயரை ஒதுக்கிவிட்டுப் பொருளைப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே வேறுபடும். இந்திய ஹலாடியின் பிடி பெரும்பாலும் உலோகம். பலவற்றில் விரல்களைக் காக்க ஒரு வளைவுத் தகடு இருக்கும்; சிலவற்றில் அந்தத் தகட்டின் மேலேயே மூன்றாவதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அலகு தடிமனானது, நடுவில் வரப்பு போன்ற மேடு ஓடுவதும் உண்டு. சூடான் கத்தியில் பிடி மரம் அல்லது கொம்பு. விரல் காப்பு வழக்கமாக இருக்காது. அலகு தட்டையானது, மெல்லியது, அகலமானது. இரண்டு அலகுக்கும் தனித்தனித் தோல் உறை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த எழுத்து.

அப்படியானால் வடிவம் ஒன்றாக இருப்பது தற்செயலா? இரண்டு முனையிலும் குத்தும் ஆயுதம் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். நம் சிலம்ப ஆசான்கள் வைத்திருக்கும் மான்கொம்பையே பாருங்கள்: இரண்டு கொம்பை எதிரெதிராகப் பூட்டி நடுவில் பிடி. அதற்காக மான்கொம்பை சூடானின் பாட்டன் என்று யாரும் சொல்வதில்லை. செங்கடல் துறைமுகங்களுக்கு இந்திய வணிகர்கள் போய்வந்ததும் உண்மை. யோசனை கப்பலேறியிருக்கலாம், அங்கேயே பிறந்தும் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட கத்தியின் பிறப்பிடத்தைச் சொல்ல இந்த விவாதம் தேவையே இல்லை. தோசை எங்கே பிறந்தது என்று தீர்ப்புச் சொல்லாமலேயே என் தட்டில் இருக்கும் தோசை எந்தக் கடையில் சுட்டது என்று சொல்லிவிடலாம் அல்லவா?

1881 முதல் 1899 வரை

சூடான் ஆயுதங்களைப் பற்றி எவர் பேசினாலும் இந்தப் பதினெட்டு வருஷங்களைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

1881-இல் முஹம்மது அஹ்மது என்ற சமயப் பெரியவர் தன்னை மஹ்தி, அதாவது இறைவனால் வழிகாட்டப்பட்டவர், என்று அறிவித்தார். அப்போது சூடான் எகிப்தின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சிக்கு எதிராக எழுந்த கூட்டம் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போய், 1885 ஜனவரி 26 அன்று கார்ட்டூமைக் கைப்பற்றியது. அந்த நகரைக் காத்துநின்ற பிரிட்டிஷ் ஜெனரல் கோர்டன் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஜூனில் மஹ்தியும் இறந்துவிட, கலீஃபா அப்துல்லாஹி ஆட்சிக்கு வந்தார். கார்ட்டூமுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓம்துர்மான் தலைநகரானது. 1898 செப்டம்பர் 2 அன்று பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை ஓம்துர்மானுக்கு வெளியே அந்த ஆட்சியை முறித்தது. ஒரே நாளில் மஹ்தி படையில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எதிர்த்தரப்பில் 50 பேர்கூட இல்லை. இயந்திரத் துப்பாக்கிக்கும் ஈட்டிக்கும் நடந்த சண்டை அது. அடுத்த வருஷம் நவம்பரில் கலீஃபாவும் போரில் இறந்தார்.

இதில் கத்தி எங்கே வருகிறது? மஹ்தி படையின் முக்கிய ஆயுதங்கள் ஈட்டி, வாள், பிறகு எகிப்தியப் படையிடமிருந்து பறித்த ரெமிங்டன் துப்பாக்கிகள். எழுத்து பொறித்த இரட்டைக் கத்தி இந்தப் பட்டியலில் முன்வரிசையில் இல்லை. ஆனால் ஓம்துர்மானில் பைத்துல் அமானா என்ற பெரிய ஆயுதக் கிடங்கும், ஆட்சிக்காக வேலை செய்த கைவினைஞர்களும் இருந்தார்கள். ஆட்சிக்கு ஒரு தோற்றம் தேவைப்பட்டது. தொடக்கத்தில் ஏழ்மையின் அடையாளமாக ஒட்டுப்போட்டுத் தைத்த ஜிப்பா, போகப்போக ஒட்டுகளெல்லாம் அளவெடுத்து வண்ணத் துணியில் தைத்த சீருடையாக மாறியது. ஒட்டு இப்போது கிழிசலை மறைக்க இல்லை. ‘நான் இந்தப் பக்கம்’ என்று சொல்ல. கத்தி, வாள், கோடரி, எறிகத்தி என்று எதைக் கண்டாலும் எழுத்தால் நிரப்பியதையும் அதோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1898-க்குப் பிறகு இன்னொரு வாடிக்கையாளர் கூட்டம் வந்தது: பிரிட்டிஷ் சிப்பாய்கள், அதிகாரிகள், நைலில் நீராவிப் படகில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகள். ‘மஹ்தி போரின் நினைவாக ஒன்று’ என்று அவர்கள் கேட்டார்கள். ஓம்துர்மான் சந்தை கொடுத்தது. அதே கைகள், அதே பட்டறை, வேறு வாடிக்கையாளர். 1956-இல் நாடு விடுதலை பெறும் வரையிலும், அதன் பிறகும், இந்தச் சந்தை அடங்கவில்லை.

ஆகவே ‘மஹ்தி காலம்’ என்று சீட்டு ஒட்டிய பொருள்களில் மூன்று வகை கலந்திருக்கின்றன: அந்த ஆட்சிக்குச் செய்தவை, அது விழுந்த கையோடு நினைவுப்பொருளாகச் செய்தவை, வெகு பின்னால் கடைக்காகச் செய்தவை. மூன்றையும் பிரிப்பதுதான் உண்மையான வேலை. கத்தி சூடானா என்பது பெரும்பாலும் எளிதில் தெரிந்துவிடும். எந்தச் சூடான் என்பதுதான் சிக்கல்.

அந்த எழுத்தைப் படிப்பது எப்படி

அலகை நிரப்பியிருக்கும் எழுத்து துலுத் என்ற அரபு எழுத்து வடிவம். அரபியில் துலுத் என்றால் மூன்றில் ஒரு பங்கு. உயர்ந்த செங்குத்துக் கோடுகளும் அகன்ற வளைவுகளும் கொண்ட, மசூதிச் சுவருக்கும் விளம்பரப் பலகைக்கும் ஏற்ற கம்பீர வடிவம். மக்காவின் கஅபாவைப் போர்த்தும் கறுப்புத் துணியில் பொன்னிழையில் தைப்பது இந்த எழுத்தைத்தான். சூடான் கத்திகளில் இருப்பது அதன் நாட்டுப்புறத் தம்பி. நெடுங்கோடுகள் வேலிக்கம்பு போல வரிசையாக நிற்கும். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பல இடங்களில் படிக்கவே முடியாது.

படிக்க முடியவில்லை, ஆகவே போலி என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். தாயத்துக்குள் சுருட்டி வைத்த தகட்டை யார் பிரித்துப் படிக்கிறார்கள்? எழுத்து அங்கே இருப்பதே காப்பு. சூடானில் குர்ஆன் வசனம் எழுதிய தாளைத் தோல் கூட்டில் தைத்துக் கையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. அதற்கு ஹிஜாப் என்றே பெயர். வசனம் எழுதிய பலகையைக் கழுவி அந்த நீரைக் குடிக்கும் வழக்கமும் உண்டு. அந்த உலகத்தில் கத்தி மேல் நிறைந்த எழுத்து வாசிப்பதற்கானது மட்டும் அல்ல. படிப்பறிவில்லாத கொல்லர் மாதிரியைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கலாம்.

அதே சமயம், படிக்க முடிகிறது, ஆகவே அசல் என்பதும் தவறு. “இறைவனிடமிருந்து உதவி, அண்மையில் வெற்றி” என்ற வசனம் இஸ்லாமிய உலகின் எத்தனையோ வாள்களில் இருக்கிறது. அது இருப்பதால் மட்டும் சூடானும் ஆகிவிடாது, மஹ்தியும் ஆகிவிடாது.

பாத்திரக்கடையில் பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டித் தருவார்கள். குடம் ஒரு ஊரில் செய்தது. பெயரும் தேதியும் கல்யாணத்துக்கு முந்தின நாள் உள்ளூர்க் கடையில் வெட்டியது. பேத்தி அதைப் பார்த்துவிட்டு ‘குடம் இந்த வருஷத்துக் குடம்’ என்பாள். பெயர் வெட்டிய வருஷம்தான் அது. குடம் இன்னும் பழையதாக இருக்கலாம். கத்தியிலும் அலகுக்கு ஒரு வயது, எழுத்துக்கு ஒரு வயது.

இந்த இரண்டு வயதையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதற்கு எழுத்து எப்படி ஏறியது என்று தெரிய வேண்டும். இங்கே நடந்திருப்பது அமிலப் பொறிப்பு: அலகின் மேல் மெழுகு அல்லது வார்னிஷ் போன்ற காப்பைப் பூசி, வேண்டிய இடத்தில் மட்டும் அதை நீக்கிவிட்டு, திறந்த இரும்பை அமிலம் அரிக்க விடுவது. காப்பு இருந்த இடம் வழவழப்பாக மிஞ்சும். இல்லாத இடம் கொஞ்சம் பள்ளமாகும். உளியால் வெட்டினால் பள்ளம் கூராக இறங்கும், உளி நழுவிய கீறலும் தெரியும். அமிலம் அரித்த பள்ளத்தின் தரை சொரசொரப்பாக, ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியில் இது தெரிந்துவிடும்.

இப்போது துருவைப் பாருங்கள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த பள்ளத்துக்குள்ளும் போஸ்டர் படிந்து ஒட்டியிருந்தால், சுண்ணாம்பு உதிர்ந்த பிறகுதான் போஸ்டர் வந்தது. போஸ்டரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு சுண்ணாம்பு விழுந்திருந்தால் போஸ்டர் முந்தியது. கத்தியில் துருக்குழி எழுத்தின் விளிம்பைத் தின்றிருந்தால் எழுத்து முந்தியது. பழைய துருக்குழியின் அடிவரைக்கும் பொறிப்பு இறங்கி, அங்கே மட்டும் இரும்பு சுத்தமாகத் தெரிந்தால், யாரோ பழைய அலகு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பின்னால் எழுத்தை ஏற்றியிருக்கிறார்கள். வாள்களில் இது நடந்திருக்கிறது. விலை கூடும் என்று தெரிந்தால் எழுத்தும் கூடும்.

சுருக்கமாக: எழுத்து வடிவம் கத்தியைச் சூடானுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. வருஷத்தைச் சொல்ல எழுத்து போதாது. எழுத்துக்கும் துருவுக்கும் உள்ள மேல்–கீழ் உறவைப் பார்க்க வேண்டும்.

பிடியும் உறையும்

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அலகுதான் கத்தி என்ற நினைப்பு. ஆனால் அலகு ஊர்விட்டு ஊர் போகும்; தோலும் மரமும் பூட்டின ஊரிலேயே கிடைத்தவையாக இருக்கும். கருங்காலி போன்ற கறுப்பு மரம், மாட்டுக்கொம்பு, சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுத்தோல், உடும்பு அல்லது முதலைத் தோல் — இந்தக் கலவை நைல் சந்தையின் வாசனை.

உறையைக் கையில் எடுத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். கால் பழகிய செருப்பில் பெருவிரல் பதிந்திருப்பதைப் போல, வருஷக்கணக்காகக் கத்தியைச் செருகி எடுத்த உறையின் வாய் மழமழவென்று தேய்ந்து, தோல் அலகின் வளைவை வாங்கியிருக்கும். இன்னொன்று தையல்: கைத்தையலில் ஓட்டைகளின் இடைவெளி கொஞ்சம் தடுமாறும், இயந்திரத் தையல் தடுமாறாது.

பிறகு ஒரு எளிய கேள்வி: இதை உடம்பில் எங்கே மாட்டுவது? தோளில் தொங்கவிட வாரோ, கையில் கட்ட வளையமோ, இடுப்பில் செருக நாடாவோ இல்லாமல் இரண்டு பக்கமும் உறை மூடிய கத்தியோடு ஒருவன் போருக்குப் போக முடியாது. வளையம் அறுந்துபோன தடமாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அந்தக் கத்தி சுவரில் தொங்கப் பிறந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இரும்பு பேசுமா?

கொஞ்சம் பேசும். கற்பனை அளவுக்குப் பேசாது.

சூடானில் இரும்பு உருக்கிய மரபு மிகப் பழையது. மெரோவே என்ற பழைய நகரில் இரும்புக் கசடு இன்றும் மேடு மேடாகக் கிடக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டு எஃகும் தாராளமாக வந்தது. நீள்வாள் அலகுகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. அந்த ஊர் முத்திரைகளை உள்ளூர்க் கொல்லர்களும் தங்கள் அலகில் குத்திக்கொண்டார்கள். பிறைமுகம் இரண்டு குத்தியிருந்தால் ஐரோப்பா என்று துள்ள வேண்டாம். கிழக்கே கஸ்ஸலாவில் வாள் அடிக்கும் பட்டறைகள் நம் காலம் வரை ஓடின. 1890-களின் கடைசியில் கிச்சனர் போட்ட ரயில்பாதையோடு கழிவு எஃகும் உள்ளே வந்தது. அப்புறம் லாரிகள் வந்தன, அவற்றின் பட்டை ஸ்பிரிங் கொல்லர்களுக்கு வரப்பிரசாதமாயிற்று. நம்மூர்ப் பட்டறைகளிலும் அரிவாள் ஆகிற அதே ஸ்பிரிங்தான்.

எக்ஸ் கதிர் வீசி உலோகத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சேதமில்லாமல் பார்க்கும் கருவி இப்போது பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. குரோமியம் தூக்கலாக இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு, 20-ஆம் நூற்றாண்டின் சரக்கு. மாங்கனீஸ் நிறைய இருந்தால் ஆலையில் செய்த எஃகு. ஆலை எஃகு என்றால் புதுசு என்று அர்த்தமில்லை. 1880-களிலேயே அது சூடானில் இருந்தது. கருவி ‘இது முந்நூறு வருஷம் பழையது அல்ல’ என்று சொல்ல உதவும். ‘இது 1885’ என்று சொல்லாது.

வீட்டில் இருந்தபடியே பார்க்கக்கூடியது கருமை. இரும்பின் மேல் காலப்போக்கில் படியும் பழுப்புக் கருமைக்கு பாட்டினா என்று பெயர். பழைய பொருளில் அது இடத்துக்கு இடம் மாறும்: கை படும் இடத்தில் மெலிந்திருக்கும், பிடியும் அலகும் சேரும் இடுக்கில் அடர்ந்திருக்கும். அமிலத்தில் முக்கிப் பழசாக்கியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். தயவுசெய்து யாரும் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிவிட வேண்டாம். பளபளப்பாகும், உண்மைதான், சாட்சி ஓடிப்போய்விடும்.

நினைவுப்பொருள் என்றால் போலியா?

இந்த இடத்தில்தான் பலருக்கு முகம் சுருங்குகிறது. ‘டூரிஸ்ட் சாமானா?’ என்பார்கள்.

போலி என்பது ஏமாற்றும் நோக்கம் கொண்டது: நேற்றுச் செய்ததை 1885 என்று விற்பது. 1905-இல் ஓம்துர்மான் சந்தையில் ஒரு சூடானியக் கொல்லர் சூடானிய முறையில் செய்து ஒரு பிரிட்டிஷ் அதிகாரிக்கு விற்ற கத்தி அப்படியல்ல. அது 1905-ஆம் வருஷத்துச் சூடானியக் கத்தி, நூறு வயதைத் தாண்டிய அசல். பின்னால் அதை வாங்கியவரின் பேரன் ‘போர்க்களத்தில் எடுத்தது’ என்று சொன்னால் பொய் பேரனுடையது, கொல்லருடையது அல்ல.

அந்தக் காலத்தில் இது சூடானுக்கு மட்டுமே உரிய பழக்கமும் இல்லை. கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தையும் சிரியாவையும் முன்பு ஆண்ட மம்லூக்குகளின் பழைய பாணியில், துலுத் எழுத்து நிறைந்த பித்தளைத் தட்டுகளையும் விளக்குகளையும் ஐரோப்பியப் பயணிகளுக்காகவே செய்துகொண்டிருந்தார்கள். எகிப்தோடு ஒட்டிக்கிடந்த சூடானின் கைவினைஞர் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

என் கணிப்பைக் கேட்டால், இன்று சந்தையில் சுற்றும் எழுத்து பொறித்த இரட்டைக் கத்திகளில் பெரும்பங்கு சண்டைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அலகின் மெலிவு, தேயாத வாய், மாட்டிக்கொள்ள வழியில்லாத உறை எல்லாம் சேர்ந்து அந்தப் பக்கமே காட்டுகின்றன. ஆட்சியின் காட்சிக்கா, அதை வென்றவர்களின் சுவருக்கா என்பதைக் கத்திக்குக் கத்தி தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

கைமாறிய கதை

கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டோம்: பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது, எப்படிப் போனது. மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிடக்கூடியது இது. 1899-இல் எழுதிய ஒரு கடிதத்தில் ‘இரண்டு முனையுள்ள கத்தி ஒன்று அனுப்புகிறேன்’ என்று ஒரு வரி இருந்து, அந்தக் கடிதமும் கத்தியும் ஒரே பெட்டியில் இருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியை உள்ளே வைத்துவிடலாம். கத்தி அதற்கு முந்தியதுதான்.

பெரும்பாலான கதைகள் வாய்வழி வந்தவை. ‘தாத்தா சூடானில் சண்டை போட்டார்’ என்பது இங்கிலாந்துக் குடும்பங்களில் மட்டும் கேட்கும் கதை அல்ல. 1885-இல் செங்கடல் கரையில் சுவாகினுக்குப் போன இந்தியப் படைப்பிரிவுகளில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையினர் இருந்தார்கள். அந்த வருஷம் மார்ச்சில் சுவாகினுக்கு அருகே டோஃப்ரெக்கில் பெஜா வீரர்கள் முள்வேலி முகாமுக்குள் பாய்ந்தபோது எதிரே நின்றவர்களில் அவர்களும் உண்டு. டோஃப்ரெக் அந்தப் படைப்பிரிவின் போர் விருதுகளில் இன்றும் இருக்கிறது. 1940–41-இல் இத்தாலியரை எதிர்த்து இந்திய டிவிஷன்கள் கஸ்ஸலா வழியாக எரித்ரியாவுக்குள் போயின. ஆக, தமிழ் வீட்டுப் பரண் ஒன்றில் சூடான் கத்தி கிடந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் தாத்தா போனது 1885-இலா 1941-இலா என்பதில் கத்தியின் கதையே மாறிவிடும். முதலாமவர் நின்ற சுவாகின் பெஜா நாடு, ஓம்துர்மான் பட்டறைகள் இருந்தது வெகு தொலைவில் நைல் கரையில். இரண்டாமவர் போன காலத்தில் நினைவுப்பொருள் கடைகள் நாற்பது வருஷமாக நடந்துகொண்டிருந்தன. ராணுவப் பணிப் பதிவேடு, பழைய புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு, தபால் முத்திரை: இப்படி ஏதாவது ஒன்று கிடைத்தால் வாய்வழிக் கதைக்குக் கால் முளைக்கும்.

காகிதம் கேட்பதற்கு இப்போது வேறொரு காரணமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஓம்துர்மானில் கலீஃபாவின் வீடே ஒரு அருங்காட்சியகமாக இருந்தது. மஹ்தி காலப் பொருள்கள் அங்கேதான் இருந்தன. இந்தக் காலத்தில் பழைய பதிவு எதுவும் இல்லாமல் ‘சூடானிலிருந்து புதிதாக வந்தது’ என்று ஒருவர் நீட்டினால் கை நீட்டாமல் இருப்பதே நல்லது. முதலைத் தோலும் தந்தமும் நாடு தாண்ட உலக அளவில் கட்டுப்பாடுகள் இருப்பதையும் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் கத்தி

சரி, அந்த வாட்ஸ்அப் கத்திக்கு வருவோம். ஏலக்காரரிடம் இன்னும் ஏழெட்டுப் படங்கள் கேட்கச் சொன்னேன்: பிடியும் அலகும் சேரும் இடம், எழுத்து மேல் உள்ள துருக்குழி, உறையின் பின்பக்கம், தையல். வந்தன.

பிடி கறுப்பு மரம், விரல் காப்பு இல்லை. அலகு மெல்லியது, இரண்டு பக்கமும் துலுத். துருக்குழி எழுத்தின் விளிம்பைத் தின்றிருந்தது. ஆக எழுத்து பின்னால் ஏற்றியது அல்ல. வாய் தீட்டிய தடமே இல்லை. உறை சிவப்புத் தோல், கைத்தையல்; மாட்டிக்கொள்ள வளையமும் இல்லை, இருந்து அறுந்த தடமும் இல்லை. காகிதம் எதுவும் கிடையாது.

நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது: ‘இரட்டை அலகுக் கத்தி. சூடான், அநேகமாக ஓம்துர்மான். 19-ஆம் நூற்றாண்டின் முடிவு அல்லது 20-இன் தொடக்கம். அமிலப் பொறிப்பில் துலுத் எழுத்து. காட்சிக்காகவோ விற்பனைக்காகவோ செய்தது. முந்தைய உரிமை விவரம் இல்லை.’

நண்பர் படித்துவிட்டு, “ராஜபுத்திரர் எங்கே போனார்கள்?” என்று கேட்டார். ஏலக்காரரிடம் இதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள் என்றேன். குறைத்தார்; நண்பர் அந்தச் சீட்டையும் கத்தியோடு சேர்த்தே சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்.